கயிறை விட்டது யாரு?

ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ இருந்தது.

பாட்டின் நான்காவது வரி ஒரு கேள்வி. பாடுகிறவர் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். பதில் வராது. ஒரு வரி பாடுகிற நேரம் சும்மா கழியும். பிறகு அடுத்த அடி தொடங்கும். ஒலியெல்லாம் கணினித் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும்போது, இந்தச் சும்மா இருக்கிற இடம் மட்டும் நேர்கோடாகக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. நடுவில் லேசான ஒரு வீக்கம். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி, அந்த வீக்கத்தை மட்டும் அவள் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். யாரோ மூச்சை இழுக்கிறார்கள். அடிவயிறு வரைக்கும் இழுக்கிறார்கள். இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை.

மூச்சில் என்ன அதிசயம்? பாடுகிறவர் மூச்சு வாங்கத்தான் செய்வார், அதை நறுக்கி எறிவதுதான் அவளுக்குச் சோறு போடுகிற வேலை. ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ‘கத்தரி’ என்பார்கள். இருமல், தும்மல், நாற்காலி முனகுவது, பாடகியின் வளையல் சத்தம், எதுவானாலும் கத்தரி கை வைத்தால் இருந்த சுவடே தெரியாது. அப்படிப்பட்டவள் இந்த மூச்சை விட்டு நகராததற்குக் காரணம் வேறு. இதே மூச்சை நேற்று இன்னொரு பதிவில் கேட்டிருந்தாள்.

அவளிடம் இருந்தவை மூன்று பதிவுகள். ஒரே பாட்டு, மூன்று கரைகள். முதலாவது, எப்போதோ ஒரு வானொலிக்காரர் படகோட்டிகளிடம் எடுத்தது. கரகரவென்று எண்ணெயில் பொரிகிற மாதிரி இரைச்சல். இரண்டாவது, தூரத்துத் தீவு ஒன்றில் ஓர் ஆராய்ச்சிக்காரி தாலாட்டாகக் கேட்டுப் பதிந்தது. மூன்றாவது, போன மாதம் கத்தரியே மைக்கைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், மீன் ஏலம் விடுகிற ஒருத்தியைப் பாடவைத்து எடுத்தது. மூன்றிலும் முதல் அடி மாறவில்லை.

முத்துக்கு இறங்கினேன், மூச்சைப் பிடிச்சேன்,
மச்சினன் கையில கயிறைக் கொடுத்தேன்,
இழுடான்னு சொல்லி ரெண்டுமுறை அசைச்சேன்,
விட்டது யாரு? கயிறை விட்டது யாரு?

முத்துக் குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மேலே படகில் அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். உடன்பிறந்தவள் வாழ்க்கை தன் கையில் இருக்கும்போது எவன் விடுவான் என்ற நம்பிக்கை. கீழே மூச்சு முட்டினால் கயிற்றை இரண்டு முறை அசைக்க வேண்டும், மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். இவன் அசைத்தான். எவனும் இழுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பாட்டு ஊருக்கு ஊர் நாக்கு மாறியது. படகோட்டிகள், ‘அலையைக் கேளு, காத்தைக் கேளு’ என்று கடல் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் துடுப்பைப் போட்டார்கள். ஏலக்காரி பாடியதில் அடுத்த வரி, ‘அண்ணன் வீட்டுக் கூரையில எல்லாம் புது ஓடு.’ தாலாட்டில் அந்த இடத்தில் வந்தது, ‘முதுகுத் தழும்பு ஆறிப்போச்சு, தூங்கு என் கண்ணே.’ தன்னை அடித்து வதைத்தவனின் கயிற்றைப் பெண்டாட்டியே விடச் சொல்லியிருக்கிறாள். அதை அவன் பெற்ற பிள்ளைக்கே பாடித் தூங்கவைக்கிறாள். ஒரே சாவுதான். ஒரு கரையில் கடல் கொன்றது, ஒரு கரையில் மச்சினன் கொன்றான், இன்னொரு கரையில் பெண்டாட்டி கொன்றாள். கொன்றதும் சரிதான் என்று தோன்றும்படி குரல் அத்தனை இனிப்பாக இருந்தது.

எல்லாம் மாறியும் கேள்விக்குப் பிறகான அந்த இடைவெளி மட்டும் மாறவில்லை. கத்தரி மூன்றையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். ஒரே இடத்தில் மூன்று வீக்கங்கள். ஒரே நீளம். ஒரே தொண்டை.

ஹெட்போனைக் கழற்றினாள். காதை ஒட்டியிருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை செய்கிற அறை அவள் வீட்டிலேயே இருந்தது. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுத் தகடு. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தாகிவிட்டது. பட்டப்பகலும் உள்ளே பாதாளம்தான். கதவைச் சாத்திக்கொண்டால் தன் இதயம் அடிப்பதே தொந்தரவாகக் கேட்கும். வாசல் கதவு தட்டும் சத்தமாவது காதில் விழட்டும் என்று அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பாள். காரணம், மகள்.

மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட வேனில் வந்து இறங்கி, படியேறி, வாசல் கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். அழைப்பு மணி இன்னும் அவளுக்கு எட்டவில்லை.

"யாரு?" என்று கத்தரி உள்ளிருந்து கேட்பாள்.

"நான்தான்!"

"நான்தான்னா எந்த நான்?"

"உன் நான்!"

இந்தச் சடங்கு முடியாமல் கதவு திறக்கக் கூடாது; திறந்தால் குட்டிக்குக் கோபம் வந்துவிடும். புருஷன் போன இடம் தெரியாமல் போனபிறகு அந்த வீட்டில் இருந்தது இரண்டே ஜீவன்கள். சின்ன ஜீவனுக்கு எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பதுதான் பெரிய ஜீவனுக்கு வாழ்க்கையே. குளிக்கும்போது இருவருக்கும் மூச்சுப் பிடிக்கிற போட்டி நடக்கும். குட்டி கன்னத்தைப் பூரிக்க வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பாள். கத்தரி வேண்டுமென்றே தோற்றுப்போவாள்.

ஏலக்காரிக்கு அவள் போன் செய்தபோது அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், தண்ணீர் கொட்டுகிற சத்தம், கூடைகள் உராய்கிற சத்தம்.

"அக்கா, ஒரு சந்தேகம். அந்தக் கேள்விக்கு அப்புறம் சும்மா இருந்தீங்களே, அப்ப பெருசா மூச்சு இழுத்தீங்களா?"

"நானா? நல்லா கேட்டே போ. அந்த இடத்துல வாயையே திறக்க மாட்டோம். மூச்சும் விட மாட்டோம். சின்னப் பிள்ளைங்கன்னா மூக்கைப் பிடிச்சு வைப்போம்."

"எதுக்கு?"

"கேட்டவன் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்ல. எவன் வாயைத் திறக்கிறானோ அவன்தான் விட்டவன்னு எடுத்துக்குவான். செத்தவன் போய் விசாரணையா வைக்கப்போறான்?" அவள் சிரித்தாள். "எங்க சித்தப்பா ஒருத்தர், தண்ணியைப் போட்டுட்டு, ‘ஆமாடா, நான்தான் விட்டேன், இப்ப என்னங்கிறே’ன்னு கத்தினாரு. விடிஞ்சு பார்த்தா கட்டில்ல செத்துக் கிடக்கிறாரு. பாய்கூட நனையல. வாயிலேர்ந்து மட்டும் கடல் தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு."

"அய்யோ."

"அதோட முடியல. இப்ப பாட்டுக்குள்ள கேக்கிறது சித்தப்பாதான்னு எங்கம்மா அடிச்சுச் சொல்லும். பதில் சொன்னவன் செத்து, அவனே கேக்கிறவனா உக்காந்துக்குவானாம். எந்த ஊர்ல பாடினாலும் அவன்தான், பழைய பாட்டுக்குள்ளயும் அவன்தான். அவனவனுக்கு அவனவன் ஆத்திரம். சரி, கூடை வந்தாச்சு, வைக்கிறேன்."

போனை வைத்த பிறகும் கத்தரியின் காதில் தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. கடல் உள்ள ஊரில் கதைக்கா பஞ்சம் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த இடைவெளியை அவள் தொடவில்லை.

தொடச் சொல்லி வந்தவர் இசையமைப்பாளர். அவர் முதுகுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘நான்தான் சார்’. இந்த மெட்டு யாருது? நான்தான். இந்த வயலின் யோசனை? நான்தான். காபியில் சர்க்கரை சரியாக இருந்தால் அதற்கும் நான்தான். கத்தரி அவரிடம் சேர்ந்து எட்டு வருஷம். அதில் பாதிப் பாட்டுகளின் மெட்டு இந்தப் பஞ்சுத் தகட்டு அறையில் பிறந்தது. பெயர் மட்டும் பெரிய இடத்துக்குத் தத்துப் போனது. இந்தக் கடல்பாட்டில் கட்டாயம் உன் பெயர் உண்டு என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அந்தப் பெயர் வந்தால்தான் வெளியே தனியாக வேலை கேட்க முடியும், இந்த வாடகை வீட்டை விட்டுக் கொஞ்சம் வெளிச்சமுள்ள இடத்துக்குக் குட்டியைக் கூட்டிப்போக முடியும்.

சார் வந்து, நாற்காலியில் சாய்ந்து, பாட்டைக் கேட்டு, இடைவெளி வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா ஓட்டை இது? கேக்கிறவன் பாட்டு நின்னுபோச்சுன்னு அடுத்ததுக்குப் போயிடுவான்."

"அது அப்படித்தான் சார். அந்த இடத்துல யாரும் பாடறதில்லை."

"பாடாதவங்க பாடாம இருக்கட்டும். நாம அடைச்சிடுவோம். இதை நான் காதல் பாட்டா மாத்திட்டேன். கயிறுன்னா என்ன? மனசு. அவ கேக்கிறா, கட்டியிருந்த மனசை அவுத்து விட்டது யாரு? அவன் சொல்றான், ‘நான்தான்’. எப்படி?"

"சார், இது கொலைப்பாட்டு."

"காதலும் கொலைதானேம்மா." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "யாரையாவது வெச்சு ‘நான்தான்’னு ஒரு ஆம்பளைக் குரல் போட்டுடு. நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டறேன்."

போகிறபோது போஸ்டரை அவள் போனுக்கு அனுப்பிவைத்தார். படம் திறந்தது. நீலக் கடல், ஒரு கயிறு, அவர் பெயர். அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில் யார் யாருடைய பெயரோ இருந்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த குட்டி, போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அம்மா பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போது தெரியும். அதற்காகவே இரண்டு வாரமாகப் பழகியிருந்தாள். பொடி எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினாள். கடைசி வரிக்கு வந்தாள். மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள்.

"அம்மா, உன் பேரு எங்க?"

"தேடு."

"தேடிட்டேன். காணோம். மறந்துட்டாங்களா?"

எட்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், குழந்தைக்கு முன்னால் அவமானப்பட்டபிறகு பொறுக்க முடியாமல் போனாள். மறக்கவில்லை கண்ணே, அழித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல வாய் வராமல் மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாரின் குரல் அவளிடம் மலைபோல் குவிந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பாடகர்களோடு பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அவள் எதையும் எறிந்ததில்லை. தேடவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பதிவைத் திறந்தாலும் ஒரு நான்தான் கிடந்தது. சிரிக்கிற நான்தான், அதட்டுகிற நான்தான், அடக்கமாக நடிக்கிற நான்தான். அவற்றில் ஒன்றைப் பொறுக்கினாள். போன மாதம், இந்தப் பாட்டைத் தோண்டி எடுத்தது யார் சார் என்று யாரோ கேட்டதற்கு, ஒரு விநாடிகூட யோசிக்காமல் நெஞ்சு நிமிர்ந்து அவர் சொன்ன நான்தான்.

பொய் இல்லை, அவள் ஏலக்காரி சொன்னதை நினைத்துக்கொண்டேதான் செய்தாள். நம்பினாளா என்றால், பாதி. நடக்க வேண்டும் என்று நினைத்தாளா என்றால், முழுசாக. எல்லாவற்றுக்கும் நான்தான் என்கிறாயே, இதற்கும் சொல். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல அந்தக் குரலை இடைவெளியில் இறக்கி, ஓரங்களைத் தேய்த்து, கடலோரக் காற்றைக் கொஞ்சம் மேலே பூசினாள். பிறகு ஓடவிட்டாள்.

விட்டது யாரு? கயிறை விட்டது யாரு?

நான்தான்.

அப்போது அது கேட்டது. அத்தனை காலம் உள்ளே இழுத்துப் பிடித்திருந்த அந்த மூச்சு, நிதானமாக, திருப்தியாக, வெளியே வந்தது. ஹெட்போன் வழியாக வந்த மூச்சு அவள் கழுத்து மயிரை அசைத்தது.

அன்றிரவே பாட்டைச் சாருக்கு அனுப்பிவைத்தாள். மறுநாள் மதியம் சாரின் மேனேஜர் போன் செய்தார். அழுதாரா, மூச்சிரைத்தாரா, தெரியவில்லை.

"கத்தரி, சார் போயிட்டாரும்மா."

"எங்க?"

"எங்கன்னு கேக்கிறியே! எல்லாருக்கும் பாட்டைப் போட்டுக் காட்டினாரு. அந்த நான்தான் யாரு குரல்னு கேட்டாங்க. ‘நான்தான்’னாரு, ரொம்ப சந்தோஷமா. இன்னும் நல்லா சொல்லிப் பார்க்கிறேன்னு பாடற அறைக்குள்ள போனாரு. கண்ணாடி வழியா நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம். கன்னத்தை உப்பிக்கிட்டு நின்னாரு. கையை மேல தூக்கி ரெண்டு தடவை அசைச்சாரு. தாளம் போடறாருன்னு நினைச்சோம்மா! இன்னொரு தடவை ரெண்டு. இன்னொரு தடவை. விழுந்த பிறகுதான் ஓடினோம்."

"ஹார்ட்டா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நுரையீரல் நிறைய உப்புத் தண்ணின்னு டாக்டர் சொல்றாரு. தரைவிரிப்பு காய்ஞ்சு கிடக்கு. ஹெட்போன் ஒயர் இடுப்பைச் சுத்தியிருந்துச்சு. அதை நறுக்குன்னு வெட்டின மாதிரி பாதியில நிக்குது."

போனை வைத்தபின் கத்தரி சமையலறையில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு இனித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, உள்ளங்கால் வரைக்கும் இனித்தது. கையைத் தூக்கி அவர் அசைத்ததை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டு ரசித்ததை, மனசுக்குள் மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். டம்ளரை வைக்கும்போதுதான் தண்ணீர் கரித்தது அவள் நாக்குக்குத் தெரிந்தது.

ஃபைலை அழித்துவிட வேண்டும் என்று அறைக்கு ஓடினாள். காதலும் வேண்டாம், கடலும் வேண்டாம். குரலை எடுத்துவிட்டு இடைவெளியைப் பழையபடி வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. கத்தரி கை வைத்தால் சுவடு இருக்குமா?

அறையில் ஈரக் கயிற்றின் வாசனை. பாசி, துரு, வெயில் படாமல் நாள்பட்டுப்போன நாரின் புளித்த நெடி. பஞ்சுத் தகடுகள் கறுப்பாக ஊறித் தொங்கினாற்போல் இருந்தன. தொட்டுப் பார்த்தாள், உலர்ந்துதான் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து முதலில் சாரின் குரல் இருந்த இடத்தைத் திறந்தாள். நேர்கோடு. அவள் வைத்தது அங்கே இல்லை. அது இடம் மாறிவிட்டிருந்தது.

வானொலிக்காரர் எடுத்த அந்தக் காலத்துப் பதிவை ஓடவிட்டாள். அதே கரகரப்பு, அதே துடுப்புச் சத்தம். முத்துக்கு இறங்கினேன், மூச்சைப் பிடிச்சேன். ஆனால் பாடியது படகோட்டி இல்லை. நெஞ்சு நிமிர்ந்த குரல். எட்டு வருஷம் கேட்ட குரல்.

நான்காவது வரியில் பாட்டு மாறியது.

இழுடான்னு சொல்லி ரெண்டுமுறை அசைச்சேன்,
வெட்டியது யாரு? கயிறை வெட்டியது யாரு?

கயிற்றை விட்ட கதை போய்விட்டது. வெட்டிய கதை ஆகிவிட்டது.

தாலாட்டைத் திறந்தாள். பிள்ளையை ஆட்டுகிற தூளியின் கிறீச்சு. அதே குரல், மெதுவாக, கொஞ்சலாக. வெட்டியது யாரு? ஏலக்காரியின் பதிவைத் திறந்தாள். மீன் கூடைகளின் உராய்வு. அதே குரல். கத்தரி பிடிச்சது யாரு?

பிறகு இடைவெளி.

மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. அவள் வலது தோளுக்குப் பின்னால்.

கத்தரி திரும்பவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் மூச்சுவிடக் கூடாது. பதில் சொல்லாதவரைக்கும் ஒன்றும் இல்லை, பதில் சொல்லாதவரைக்கும் ஒன்றும் இல்லை என்று உள்ளுக்குள் உருப்போட்டாள். அவள் செய்ததற்கு ஊமைச் சாட்சிகூடக் கிடையாது. வெட்டிய இடம் தெரியாமல் வெட்டியவள் அவள்.

இடது கையால் தடவி ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். கணினியின் ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

கேள்வி நிற்கவில்லை. சுவரிலிருந்து வந்தது. நாற்காலியிலிருந்து வந்தது. வெட்டியது யாரு? பொறுமையாக. கயிறை வெட்டியது யாரு? கோபமே இல்லாமல். எட்டு வருஷம் அவள் மெட்டுகளை வாங்கிக்கொண்ட அதே சாவகாசத்தோடு. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் பூச்சி பறந்தது. காது அடைத்தது. கீழே, எங்கோ ஆழத்தில், தண்ணீர் அழுத்துவது போல.

குரல் நின்றது.

காத்திருந்தாள். ஒன்றுமில்லை. போய்விட்டது. ஜெயித்துவிட்டாள். கதவிடுக்கு வழியாக நடையில் சாயங்கால வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. தெருவில் ஒரு வேன் நின்று கிளம்பும் சத்தம். படியில் செருப்புச் சத்தம்.

வாசல் கதவில் இரண்டு தட்டு.

கத்தரி வாயைத் திறக்கவில்லை. பொறு கண்ணே. கேட்காமலே வந்து திறக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கதவைப் பிடித்து எழுந்தாள். கால்கள் ஈரமணலில் புதைந்தவை போல வர மறுத்தன.

மறுபடி இரண்டு தட்டு.

"யாரு?"

கேட்டது அவள் இல்லை. ஆனால் அவள் குரல். தினமும் கேட்கிற அதே இழுப்பு, அதே செல்லம். அவளுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து. எட்டு வருஷம் அவளுடையதையெல்லாம் எடுத்துக்கொண்டவனுக்குக் குரலை எடுக்கவா தெரியாது?

"யாரு?"

ஒரே வார்த்தை போதும். அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் போதும். எட்டு வருஷமாகச் சொல்லத் துடித்த வார்த்தை. பிடித்துவைத்திருந்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, குட்டி சந்தோஷமாகக் கத்தினாள்.

"நான்தான்!"

பின்னாலிருந்து மூச்சு வெளியே வந்தது. நிதானமாக. திருப்தியாக.

"நான்தான்! நான்தான்! வெட்டினது நான்தான்!" கத்தரி இப்போது அலறினாள். ஓடினாள், சுவரில் மோதினாள். "அவ இல்ல, நான்தான்!" கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. கேள்வி முடிந்துபோயிருந்தது.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

படிக்கட்டு உலர்ந்திருந்தது. சீருடை உலர்ந்திருந்தது. பை காலடியில் கிடந்தது. குட்டி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதடுகளை இறுக்கி, கன்னங்களைப் பூரிக்க வைத்து, போட்டியில் நிற்பது போலவே. தலைமுடி மட்டும் தோளில் படியாமல், காற்றில்லாத அந்த நடையில், மெல்ல மேலே மிதந்தது.

சின்னக் கை உயர்ந்தது. இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்து, இரண்டு முறை அசைத்தது.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு முறை.